உதைத்துவிட்டுக் கும்பிடும் ரம்யா

அன்புக்குரிய மாப்பிள்ளை கோபிநாத்துக்கு,

திருவரங்குளத்திலிருந்து அத்தான் முத்துராமன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். கத்தார் வெயிலில் நீங்களும் நலமாக இருக்க உங்கள் அக்கா தினமும் விளக்கேற்றுகிறாள். போனில் பேசினால் ரம்யா காதில் விழும் என்பதால் கடிதம்.

புதுக்கோட்டையில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும் நம் ரம்யாவை ஒருத்தன் ஸ்டாப்பிலிருந்து பின்தொடர்கிறான் என்றதும், "கராத்தே பழகட்டும் அத்தான்" என்று யோசனை சொன்னது நீங்கள்தான். சேர்த்தேன். பச்சை பெல்ட்டும் வாங்கிவிட்டாள், ஓடெல்லாம் உடைக்கிறாள். ஆனால் மனிதர்மேல் கால் பட்டால் மட்டும், உங்கள் அக்கா வளர்ப்பு, சட்டென்று குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். வகுப்பில் இதற்குப் பணிவு என்று தனிக் கோப்பையே கொடுத்தார்கள்! மாஸ்டர் வெற்றிச்செல்வனிடம் போய், "ரோட்டுல மறிக்கிறவன் இவ கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிப்பானாங்க?" என்று நான் வாயை விட்டேன். "கரெக்ட் சார், நெஜமான சூழ்நிலையிலயே ட்ரெய்னிங் குடுத்துருவோம். திருடனா நீங்களே வாங்க" என்றுவிட்டார்.

ரம்யாவிடம் சொல்லாமல், குரங்குக் குல்லாயும் கைலியுமாக பஸ் ஸ்டாப் பக்கம் ஒளிந்திருந்து அவள் பையைப் பிடித்தேன். முழங்காலில் விட்டாள் பாருங்கள் ஓர் உதை, பெற்ற வயிறு குளிர்ந்தது என்று உங்கள் அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள். அடுத்த நொடி குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நானும் பழக்கதோஷத்தில் அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரு ஆத்தா" என்று சொல்லித் தொலைத்தேன். "அப்பா, நீங்களா?" என்று அவள் கேட்பதற்குள், "பொம்பளப் புள்ள தலையிலயா கைய வைக்கிற?" என்று டீக்கடைக் கூட்டம் என்மேல் பாய்ந்துவிட்டது. அவர்களில் ஒருவரும் எந்த வகுப்புக்கும் போனவரில்லை. ஆனால் ஒவ்வோர் அடியும் நெஜமான சூழ்நிலை. ஓடிவந்து விளக்க வேண்டிய மாஸ்டர் எதிர்ப்பக்கம் நின்று செல்போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். "வீடியோ சூப்பரா வந்திருக்கு சார், புது அட்மிஷனுக்குப் போட்டுக்கிறேன்" என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. வகுப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம், அவள் வீட்டோடு இருக்கட்டும். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். சொல்லுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு நல்லபடியாக ஊர் வந்து சேர வாழ்த்தும்,
முத்துராமன்

பி.கு.: கவரை ஒட்டப்போகையில் ரம்யா வந்தாள். பின்தொடர்ந்த அந்தப் பயல் இன்று கையைப் பிடித்து இழுத்தானாம். வயிற்றில் ஒரே உதை, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டானாம். உங்கள் அக்கா பதறிப்போய், "கால் பட்டுச்சே, தொட்டுக் கும்பிட்டியாடி?" என்றாள்.

"அவனயெல்லாம் எதுக்கும்மா தொடணும்?" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்கும் வேலைக்குப் போகிறாள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.