எலிக் கணக்கிலிருந்து என் பெயரை நீக்கிவிடு

முள்ளியவளை,
மாசி 9

அன்புள்ள மருமகள் ரஜிதாவுக்கு, மாமா தவராசா முழு அறிவோடும் பாதிப் பலத்தோடும் எழுதிக்கொள்வது. நீ கண்டியில் சுகமாக இருப்பதாக உன் அம்மா, என் அக்கா சொன்னா. நான் சுகமாக இருக்கிறேனா என்பதை இதை வாசித்து முடித்த பிறகு நீயே தீர்மானித்துக்கொள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நீ, "மாமா, அது அப்பிடியில்லை" என்று இடையில் வெட்டுவாய். கடிதத்தை ஒருவராலும் இடையில் வெட்ட முடியாது.

ஆவணியில் நீ மடிக்கணினியோடு வந்து பத்து நாள் எங்கள் வீட்டில் தங்கி, ஊரில் எத்தனை எலி, எத்தனை சாரைப்பாம்பு, போன காலபோகத்தில் எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் என்று கேட்டபோது, பிள்ளை ஏதோ பரீட்சைக்குக் கேட்கிறது என்றுதான் நினைத்தேன். எலியையும் பாம்பையும் பற்றி நான் தோராயமாகச் சொன்னேன். காய்ச்சலைப் பற்றித் தோராயமாகச் சொல்ல முடியவில்லை. ஏழு பேர். அதில் எங்கள் பக்கத்து வயல் பொன்னையா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. அதைக் கேட்டு நீ தட்டச்சை நிறுத்தினாய். பிறகுதான் மடிக்கணினியில் எலிக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று அந்த இரண்டு கோடுகளைக் காட்டினாய். நஞ்சு வைத்தால் எலியோடு பாம்பும் ஆந்தையும் சேர்ந்து சாகும், எலி சில மாதத்தில் பெருகித் திரும்பிவிடும், பாம்பு அவ்வளவு கெதியாகத் திரும்பாது என்றாய். எல்லா எலியையும் பிடிக்கத் தேவையில்லை, நோய் பிடித்த ஓர் எலி இன்னொரு எலிக்குக்கூடத் தொற்ற வைக்க முடியாத அளவுக்கு எலி குறைந்தால் நோய் தானாக ஓய்ந்துவிடும் என்றாய். கடைசியாக, "முதல்ல எலிதான் ஏறும், மாமா. அதுக்குப் பிறகுதான் பாம்பு ஏறும். அப்ப எலி இறங்கும். பயப்பிடாதேங்கோ" என்றாய். நான் அப்போது பயப்படவில்லை. அதுதான் என் முதற்பிழை.

ஊர் வயற்காரர் எல்லோரும் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற முறையில் கூட்டத்தைக் கூட்டி உன்னுடைய இரண்டு கோட்டையும் கரும்பலகையில் கீறினேன். ஒன்று ஏற, பின்னால் மற்றது ஏற, ஒன்று விழ, மற்றதும் விழ, பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது. எங்களோடு வயல் செய்கிற கணபதியின் மனைவி சுப்பம்மா எழும்பி, இந்தக் கணக்கு பாம்புக்குத் தெரியுமா என்று கேட்டா. முழுச் சனமும் சிரித்தது. ஆனால் போன வருசம் வரம்பு வரம்பாக நஞ்சு வைத்தும் பொன்னையா போனதை ஒருவரும் மறக்கவில்லை. அதனால் ஒரு போகம் மட்டும் நஞ்சு வைக்காமல் பார்ப்பது, சனிக்கிழமைதோறும் அறுபது பொறி வைத்து எண்ணுவது, எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று தீர்மானித்தார்கள். கடைசித் தீர்மானத்துக்குத்தான் அதிக கைகள் உயர்ந்தன.

முதற்கிழமை பன்னிரண்டு எலி. நாலாம் கிழமை முப்பத்தொன்று. இதற்கிடையில் வைக்கோற்போரில் இருந்த சாரை ஒன்று குசினிக்குள் வந்து அரிசி வாளிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அது நமது பக்கத்து ஆள், விட்டுவிடு என்று உன் மாமிக்கு விளக்கினேன். உன் கோட்டையும் கீறிக் காட்டினேன். அவா கோட்டையும் பார்த்து, பாம்பையும் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மல்லாவியில் இருக்கிற தங்கை சுதாஜினி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டா. திரும்பி வரச்சொல்லித் தொலைபேசி எடுத்தால், "பாம்பு இருக்கிற வீட்டில எலிதான் இருக்கும். நான் எலி இல்லை" என்று வைத்துவிட்டா. பிறகு நானே யோசித்து நாலு பூனை கொண்டுவந்தேன். அவை எலியைப் பார்க்கவேயில்லை. கருவாட்டைத் தின்றுவிட்டுப் பாம்பைக் கண்டு கூரையில் ஏறின. இதை உனக்கு அறிவித்தபோது, பூனைக்கு இன்னொரு சமன்பாடு வேண்டும் என்று நீ பதில் போட்டாய். எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது சமன்பாடு இல்லை, பிள்ளை, ஏணி.

எட்டாம் கிழமை நாற்பத்தாறு. கதிர் வரும் நேரம் எலி வெட்டத் தொடங்கிவிட்டது. அஜந்தனின் வயலில் ஒரு மூலையே போய்விட்டது. அவன் நஞ்சுப் பைக்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் படலையடியில் வந்து நின்றான். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அவன் ஏசவில்லை. "அண்ணை, உங்கட கோடு எப்ப இறங்கும்?" என்று மட்டும் கேட்டான். இரண்டு கிழமையில் என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். இரண்டு பிள்ளைகளோடு அந்த வயலை நம்பி இருக்கிறவன், பைக்கற்றைப் பிரிக்காமல் திரும்பிப் போனான். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

இனி நடந்ததை உனக்கு மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். மழை தொடங்க முன்னமே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, வயலில் இறங்குகிற முப்பத்திரண்டு பேரும் எலிக்காய்ச்சல் வராமல் கிழமைக்கு ஒருமுறை போடவேண்டிய குளிசைகளை என் கையில் தந்திருந்தார். ஒவ்வொருவரையும் எனக்கு முன்னாலேயே விழுங்கச் சொல்லி, கையெழுத்தும் வாங்கினேன். முப்பத்தொரு பேர் போட்டார்கள். என்னுடையது சட்டைப் பையிலேயே கிடந்தது. மறந்தேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். கணக்குப் போடுகிறவன் கணக்குக்குள் வரமாட்டான் என்று நினைத்துவிட்டேன். பொறியின் கம்பி காலைக் கீறியதோடேயே வெள்ளத்துக்குள் நின்று எலி எண்ணினேன்.

காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்ததுதான் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் பொறி விசயமாகக் கணபதி வந்தான். என் கண் சிவந்திருந்ததைப் பார்த்தான். குனிந்து கெண்டைக்காலை ஒரு அமத்து அமத்தினான். நான் கத்திவிட்டேன். "அண்ணே, பொன்னையா அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எழும்புங்க" என்றான். எழும்ப முடியவில்லை. தன் மோட்டார் சைக்கிளில் என்னைத் தூக்கி வைத்து, ஒரு சாரத்துணியால் என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினான். வழியெல்லாம் என்னவோ பேசிக்கொண்டே வந்தான். நான் நித்திரையாகக் கூடாது என்பதற்காகத்தான் என்று பிறகுதான் விளங்கியது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

எட்டு நாள் படுத்திருந்தேன். மாமி மல்லாவியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தா. இரண்டு நாள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஏசினால் பரவாயில்லை, இந்தப் பேசாமையை மனிசன் தாங்க ஏலாது. சனிக்கிழமை வந்தது. இன்றைக்கு எண்ண ஆளில்லை, பிள்ளையின்ர கோட்டில ஓட்டை விழப்போகுது என்று நான் அழுதேனாம். காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதென்று டொக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

ஆகவே, ரஜிதா, நன்றாக யோசித்து எழுதுகிறேன். உன் ஆராய்ச்சியிலிருந்து என் பெயரையும் இந்த ஊரையும் நீக்கிவிடு. நான் செயலாளர் பதவியை விடுகிறேன். அஜந்தன் இனித் தான் விரும்பியதைச் செய்யட்டும். உன் கணக்குப் பிழை என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கணக்கும் தெரியாது, பிழையும் தெரியாது. சனத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். நீ படித்து முடித்து, நல்ல பெயர் எடுத்து, உன் கோடுகள் எல்லாம் வேறு யாருடைய வயலிலாவது குறையில்லாமல் ஓடவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டி முடிக்கிறேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் மாமா,
சி. தவராசா

பி.கு: பிள்ளை, இது இரஞ்சிதம் மாமி. கடிதத்தை ஒட்ட முன்னம் வாசிச்சுப்போட்டன். அவர் வெக்கத்தில எழுதுறார், நீ ஒண்டையும் நீக்காதே. அந்தச் சனிக்கிழமை கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு நானும் சுப்பம்மாவும் போய்ப் பொறி எண்ணினனாங்கள். முப்பத்தெட்டு. பிறகு இருபத்தேழு, பத்தொன்பது, நேற்று ஒன்பது. அஜந்தன் பைக்கற்றைக் கடையில திருப்பிக் குடுத்திட்டான். போன வருசம் ஏழு பேருக்குக் காய்ச்சல், இந்தமுறை ஒருத்தருக்குத்தான், அதுவும் குளிசை போடாத ஆளுக்கு. செயலாளர் வேலையை அவர் விடலாம், அமைப்பு என்னைக் கேட்டிருக்கு, நான் ஓமெண்டிட்டன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. உன்ரை கோட்டின்படி நேற்றுப் பதினொரு எலி வந்திருக்கவேணும். மிச்சம் ரெண்டும் எங்கையெண்டு பாத்து எழுது.