கீழே கேட்கும் காது

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆபீசில் என் சீனியர் பெர்னார்ட் சார் டிபன் வேளையில் சொன்னது. வருஷம் 1966. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கை வராது.

சாருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே நடுக்கம். பெங்களூர் பிரேசர் டவுனில் மாமனார் டென்சில் வீட்டு ரேடியோ வாராவாரம் கரகரக்கும். மாப்பிள்ளை ஆன்டெனா என்ஜினியராச்சே என்று மாமனார் அவரை ஓட்டுக்கூரை மேல் ஏற்றிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொள்வார். போன மாதம் ரேடியோ தெளிந்ததும் ஏணியை விட்டுவிட்டுச் செய்தி கேட்கப் போய்விட்டாராம்.

இந்த ஞாயிறு தப்பித்தே தீருவதென்று சார் தீர்மானித்தார். திங்களன்று டைரக்டரிடம் கொடுக்கவேண்டிய செயற்கைக்கோள் கணக்கைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். சிக்னலுக்குப் பலம் சேர்ப்பதைக் கூட்டி, வழியில் கரைவதைக் கழித்தால், கொஞ்சமாவது மிஞ்சவேண்டும். சார் ஒரு வரியை வேண்டுமென்றே காலியாக விட்டார். சிக்னல் பலத்தில் ஐம்பத்துநாலு டெசிபல் குறைகிறது, காரணம் தெரியாமல் நாற்காலியை விட்டு நகரமுடியாது என்று மனைவியிடம் பெருமூச்சு விட்டார்.

மனைவி பெர்னதெத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. தாளை நிதானமாகப் பார்த்தார்.

“ஏங்க, மேலேயிருந்து பேசுது, சரி. கீழே யாரு கேக்கறாங்க?”

“நம்ம ஆன்டெனாதான்.”

“அதுக்குக் காது மந்தம்போல. டிரங்க் கால்ல பாக்கறேனே, அந்தப் பக்கம் எவ்ளோ கத்தினாலும் இந்தப் பக்கம் மந்தம்னா ஒண்ணும் ஆகாது. பாவம், எங்க டாடி மாதிரி.”

சாரால் தாங்கமுடியவில்லை. நாலு மாதம் அவரே கணக்குப் போட்ட ஆன்டெனா அது.

“மந்தமா? தொண்ணூறு அடி அகலம். வானத்துல கொசு முனகினாலும் கேக்கும். சுளையா ஐம்பத்தெட்டு டெசிபல்.”

பெர்னதெத் தன் நீல மைப் பேனாவைத் திறந்தார். காலி வரியில் 58 என்று எழுதிக் கூட்டினார்.

“நாலு மிச்சம். சட்டையை மாத்துங்க. ஏணியை இன்னிக்கு நான் புடிச்சுக்கறேன்.”

சொன்னபடியே கடைசிவரை பிடித்துக்கொண்டாராம். ராத்திரி வீடு திரும்பியதும், கணக்கு முழுவதையும் தன் கையாலேயே திருப்பி எழுதித்தான் டைரக்டரிடம் கொடுத்ததாகச் சொல்லி சார் டிபன் டப்பாவை மூடினார்.

பிறகு நான் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். தாள் முழுக்கக் கறுப்பு மை. 58-ம் 4-ம் மட்டும் நீலம். அந்த நீலத்துக்குப் பக்கத்தில் டைரக்டரின் குறிப்பு: “எல்லா வரியையும் இதுபோல் தெளிவாக எழுதவும்.”