கிருபையக்கா வீட்டுப் பூனை

பிள்ளை பிறக்கும்வரை மீனைத் தொடுவதில்லை என்று வீட்டு மாதா சுரூபத்தின் முன் டிக்சன் சத்தியம் செய்தபோது, திரேஸ்புரத்தில் ஒருவரும் நம்பவில்லை. மூன்று வேளையும் மீன் தின்று வளர்ந்த உடம்பு அது. ஆனால் அவன் மனைவி ஜெபிஷாவின் மசக்கை அப்படி. கடற்காற்று இந்தப் பக்கம் திரும்பினாலே வாந்தி. அடுப்புப் பக்கம் போனாலும் குமட்டல். சமையல் டிக்சன் கைக்கு வந்தது.

ரசம் வைத்தான். "உப்பே இல்ல" என்று அழுதாள். உப்புப் போட்டான். "நான் அழுததுக்காகத்தான போட்டீய" என்று மறுபடியும் அழுதாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கண்டெய்னர்களைப் பூப்போலத் தூக்கி வைக்கிறவன், ஏழாம் மாதத்தில் ஒரு துண்டு மீனுக்காக இளைத்துப்போனான். கடைசியில் பக்கத்து வீட்டுக் கிருபையக்காவிடம் சரணடைந்தான்.

"யக்கா, மீன் நான் வாங்கித் தாரேன். பொரிச்சு மட்டும் தாங்க. அவளுக்குத் தெரிஞ்சா செத்தேன்."

"ஏலே, மாதாவுக்குத் தெரியுமே?"

"மாதா மன்னிச்சிருவாவ. இவ மாட்டா."

நல்ல சீலா மீனாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தான். தட்டில் வந்ததோ வால் துண்டு.

"நடுத்துண்டு எங்கக்கா?"

"பூனை தின்னுட்டுலே."

மறுநாளும் பூனை. அதற்கு மறுநாளும் பூனை. சோம்பு மென்று, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டே வீட்டுக்குப் போவான். வாயும் வயிறுமாக இருப்பவளுக்குத் துரோகம் செய்கிறோமா என்று குளிக்கும்போதெல்லாம் யோசித்தான். அதைவிட அதிகமாக இன்னொன்றை யோசித்தான். இவ்வளவு தின்றும் அந்தப் பூனை ஏன் எலும்பும் தோலுமாகவே திரிகிறது?

ஞாயிற்றுக்கிழமை, பூனையைக் கையும் களவுமாகப் பிடிக்க, கிருபையக்கா வீட்டுப் புறவாசல் வழியாக நுழைந்தான். அடுப்படியில் வீங்கிய கால்களை நீட்டி, வயிற்றின்மேல் தட்டை வைத்து, ஜெபிஷா நடுத்துண்டின் முள்ளை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏளா! மசக்கை?"

"அது அஞ்சாம் மாசமே போயிட்டு."

"சொல்ல வேண்டாமா?"

"சொன்னா அடுப்ப என் தலையில கட்டிருவீயளே. உங்க ரசமும் நல்லாத்தான் இருக்கு."

"இத்தன நாளா என்னை ஏமாத்திருக்க!"

"சரி, நீங்க இங்கன எதுக்கு வந்தீய?"

"பூனையப் பாக்க."

கிருபையக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் டிக்சனே சீலாக் குழம்பு வைத்தான். தெருவே மணத்தது. ஆசையாகத் தட்டோடு உட்கார்ந்தான். ஜெபிஷா மாதா சுரூபத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இன்னும் பிள்ளை பிறக்கலயே. உங்களுக்கு ரசம் இருக்கு."

வால் துண்டு அன்றைக்கு உண்மையாகவே பூனைக்குப் போனது.