கள்ளுக்கடையோடு நான் செய்த வெளிநாட்டு ஒப்பந்தம்

இரும்பை,
திண்டிவனம் தாலுகா,
2-4-1949

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமுகத்துக்கு, இரும்பை மதுவிலக்குச் சங்கக் காரியதரிசி முருகையன் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மாடுகளும் க்ஷேமம். எஞ்சின்தான் படுத்துக் கிடந்தது.

அண்டை நாட்டாரிடம் எண்ணெயும் வாங்க வேண்டும், எல்லையையும் காக்க வேண்டும், கொள்கையையும் விடக்கூடாது என்று போன வாரம் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். எழுதுவது சுலபம் ஐயா. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்ட என் கொல்லையின் வரப்போடு இந்தியா முடிகிறது. தாண்டினால் பிரெஞ்சு சர்க்கார். அதன் முதல் கட்டடம் சவுரிராயன் கள்ளுக்கடை. கிணற்று எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை, பர்மிட்டுக்கு எழுதிப் போட்டு மாதம் ஒன்றாயிற்று, இரண்டு ஏக்கரும் வாடிவிட்டது, இன்னும் ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் குடும்பத்தோடு பட்டினி. எண்ணெய் வைத்திருக்கிற ஒரே ஆள் சவுரிராயன். அவன் கடைக்கு நேரே ஞாயிறுதோறும் வரப்பில் நின்று "குடியாதீர்" என்று பாடுகிற ஒரே ஆள் நான். அவன் கடை ஆட்களோ எல்லை தாண்டி வந்து என் மல்லாட்டையைப் பிடுங்குகிறார்கள். கேட்டால், "உன் பாட்டக் கேட்டுக்கினு குந்தியிருக்கோமே, அதுக்குக் கூலி வாணாமா?" என்கிறார்கள்.

மானத்தை விட்டுப் போனேன். "வாங்க செகரட்ரி, ஜல்தியா சொல்லுங்க, கூட்டம் நிக்கிது" என்றான். வாரம் ஒரு டின் எண்ணெய் தருவானாம், ஆட்கள் வரப்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வானாம், நான் பாட்டை நிறுத்த வேண்டுமாம். முடியாது என்று எழுந்தேன். கொல்லையைப் பார்த்தேன். உட்கார்ந்தேன். கடைசியில், பாடலாம், ஆனால் கடைக்கு முதுகைக் காட்டி இந்தியாவைப் பார்த்துப் பாட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அந்தத் திசையில் என் எருமை மட்டும்தான் நிற்கிறது. அது குடிப்பதில்லை.

எஞ்சின் ஓடுகிறது, பயிர் நிமிர்ந்துவிட்டது. வல்லரசுகள் திணறும் காரியத்தை மல்லாட்டை போடுகிறவன் முடித்தான் என்று பெரிய எழுத்தில் போடவும்.

தங்கள் பேனாவில் மை வற்றாதிருக்க இரும்பை ஈசுவரனை வேண்டும்,
முருகையன்.

பி.கு.: இதை என் மனைவி பாஞ்சாலிக்குப் படித்துக் காட்டினேன். "எண்ணெ உன் பேச்சுக்கா வருது? நான் தெனம் ஒரு கூடை மல்லாட்டைய வறுத்து அந்தக் கடைக்கு அனுப்பறேன், அதுக்கு வருது. ஒப்பந்தம் பேசறாப்பல பேசுங்கன்னு கடைக்காரருகிட்ட நான்தான் சொல்லிவுட்டேன். இல்லன்னா உனக்குச் சோறு எறங்காது" என்றாள். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பவர் கள் விற்பவரைவிடப் பெரிய பாவி என்று போன மாதம்தான் சங்கத்தில் பேசினேன். எஞ்சினுக்கு இன்னும் நாலு டின் எண்ணெய் தேவைப்படுகிறது. ஆகையால் இக்கடிதத்தை அறுவடை முடியும்வரை பிரசுரிக்க வேண்டாம்.