லாபியில் ஒரு பியானோ துரை

துபாய்க்குப் பக்கத்துப் புஜைராவில் கோபப்படுவதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால், அது எங்கள் ஓட்டல் லாபியில் பியானோ வாசித்த வெள்ளைக்காரருக்குத்தான். ரிசப்ஷனில் இருந்த நாங்கள் அவரைப் பியானோ துரை என்போம்.

இளம் வயதில் லண்டனில் மேடை இசை நாடகங்களுக்குப் பாட்டெழுதி மெட்டமைத்தவர். ஒரே ஒரு பாட்டு ஓகோவென்று ஓடியது. அந்த ஊரில் கல்யாணத்திலும் பாடினார்கள், சாவிலும் பாடினார்கள். அதற்குப் பிறகு அவர் போட்ட நாடகங்களுக்கு வந்தவர்களெல்லாம், அவரே சொன்னபடி, மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ஒருநாள் இங்கிலாந்து அம்மாள் ஒருத்தி அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னாள். துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதை எழுதினவன் செத்துட்டான்" என்றார். அம்மாள் கண் கலங்கி என்னிடம் வந்து, "அடடா, எப்போ?" என்றாள்.

"ரொம்ப நாளாச்சு மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அப்படிப்பட்டவர், ஸ்டாஃப் விழாவுக்காக ஒரு இசை நாடகமே எழுதிவிட்டார். கதை நடக்கும் இடம் எங்கள் லாண்டரி. கதாநாயகன், அங்கே இஸ்திரி போடும் சிவகங்கை கருப்பையா. லீவு கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், விருந்தாளியின் கோட்டை மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறான் நாயகன். இங்கிலீஷ் வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார் கருப்பையா. துரை தலையில் அடித்துக்கொண்டு இங்கிலீஷில் கத்துவார்.

"தொர என்ன சார் சொல்றாரு?"

"நல்லாருக்காம்."

ஒத்திகை பார்க்க வந்த மேனேஜர், லீவுப் பாட்டு ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டார். "கலாஸ், முடிஞ்சுது. டிஜே போதும்."

துரை பியானோவை மூடினார். "லண்டன்ல இடைவேளை வரைக்குமாவது விட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சில மாதங்களில் தானே வாசிக்கும் பியானோ ஒன்று லாபிக்கு வந்தது. அது விருந்தாளிகளை முறைக்காது. துரையின் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. டாக்ஸி ஏறும் முன் லாண்டரிக்கு வந்தார். கருப்பையாவும் கூட்டாளிகளும் நீராவிக்கு நடுவே நின்று மொத்த லீவுப் பாட்டையும் பாடினார்கள். கடைசிவரை கேட்டுவிட்டு, "ரெண்டாவது வரி தப்பு" என்று சொல்லிப் போய்விட்டார். தாங்க்ஸ் இல்லை, குட்பை இல்லை.

போன மாதம் லண்டன் பேப்பர் ஒன்றில் அவரைப் பற்றி ஒரு பத்தி வந்திருந்தது. பழைய பாட்டை யாரோ புதிதாகப் பாடியிருக்கிறார்களாம். அதை எழுதியவர் பிறகு உருப்படியாக எதுவும் எழுதவில்லை என்று முடித்திருந்தார்கள். போனில் வந்ததைக் கருப்பையாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நம்ம நாடகத்தப் பத்தி போடலியா சார்?"

"போடல."

கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்குக் கேக்கக் குடுத்து வெக்கல சார்."