கதிரேசுக் கிராணியாரின் கக்கம்

துரை மறுபடியும் மூக்கைச் சுளித்தார்.

உலு திராம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதிவந்த கதிரேசு இரண்டடி பின்வாங்கினார். பெரிய கிராணி ஓய்வுபெறப் போகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்று இந்தப் புதிய துரைதான் முடிவு செய்ய வேண்டும். அவரோ, காதில் மாட்டாமல் மூக்கை மட்டும் கவ்வி நிற்கும் கண்ணாடியோடு, கதிரேசு அருகே போனாலே முகத்தைக் கோணினார்.

ஜொகூர் வெயிலில் யாருக்குத்தான் வேர்க்காது? யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தது நாற்றம்பிடித்தவன் என்று பேர் வாங்கவா? கதிரேசுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜொகூர் பாருவுக்குப் போய், வெள்ளைக்காரர்கள் கக்கத்தில் பூசும் வெள்ளைக் களிம்பை வாங்கி வந்தார்.

நாற்றம் போயே போய்விட்டது. சட்டை மட்டும் பழையபடி தொப்பலாக நனைந்தது. துரையும் பழையபடி சுளித்தார்.

மனைவி திலகம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "இஞ்சேருங்கோ, உது மணத்தைத்தானே அடக்கும். வேர்வையை நிப்பாட்டுறது வேற மருந்தெல்லோ?"

அந்த வேறு மருந்தும் வந்தது. சிவப்புத் தண்ணீர். பூசிவிட்டுக் காயும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமாம். ஆபீசுக்கு நேரமாகிறதென்று கதிரேசு ஈரத்தோடு சட்டையை மாட்டினார். வேர்வை நின்றது உண்மை. ஆனால் கக்கம் தீயாய் எரிந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை படர்ந்து, மத்தியானத்துக்குள் துணியே இற்றுப்போனது. கைகளை உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு நடந்தவரை, ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் பால்வெட்டும் அங்கம்மா வழிமறித்து, கக்கத்தில் கட்டி என்று நினைத்து, அதற்கு மஞ்சள் அரைத்துத் தரட்டுமா என்று அக்கறையாகக் கேட்டாள்.

அந்தக் கோலத்தில் ஆபீசுக்குள் போனால், துரை மீண்டும் சுளித்தார்.

கதிரேசு கிழிசல் தெரிய இரண்டு கையையும் உயர்த்தினார். ஆத்திரத்தில் ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழே வந்தது. துரைக்குத் தமிழ் புரியும் என்பதும் மறந்துபோயிற்று.

"சிவப்புத் தண்ணி வேர்வையை நிப்பாட்டிச்சுது, சட்டையையும் திண்டிட்டுது. இனி ஒண்டும் பூசமாட்டன், துரை. வேலை செய்யிற உடம்பு, வேர்க்கும், மணக்கும். பிடிக்காட்டி வேற ஆளைப் பாருங்கோ."

பதிலுக்குக் காத்திராமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நாற்காலி போனது போனதுதான். ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்குவதாக இல்லை.

சற்று நேரத்தில் துரையின் சமையல்காரன் லெட்சுமணன் ஓடிவந்தான்.

"பெரிய கிராணியாரே, இனிமே அப்படித்தான் கூப்பிடணுமாம். துரைக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்ததிலேருந்து எந்த வாடையும் தெரியாதுங்க. மூக்கு வேர்த்துக் கண்ணாடி வழுக்குது, அதைத்தான் சுளிச்சுச் சுளிச்சு ஏத்திவிடுறாரு. அந்தச் செவப்புத் தண்ணி மிச்சமிருந்தா, மூக்குக்குக் கொஞ்சம் கேட்டாரு."