நீர்ஞானியின் வெள்ளைத் தண்ணீர்

மூடிப்போன ஒரு மெத்தைக் கடையில்தான் நீர்ஞானி அவதரித்தார். கண்ணாடிக் கதவில் 'தள்ளுபடி' என்ற எழுத்து இன்னும் முழுதாக அழியவில்லை. அதைப் பற்றி யாருக்குக் கவலை? வரிசை தெருமுனை திரும்பி, சலூனைத் தாண்டி, பேருந்து நிறுத்தம்வரை நின்றது. பல் டாக்டரே அதில் நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பல்வலி.

வைத்தியம் இதுதான். மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர், மேலே கறுப்புத் துணி. நோயாளி துணிக்குள் கைவிட்டு ஜாடியைத் தொட வேண்டும். ஞானி கண்மூடி முணுமுணுப்பார். துணியை உருவினால் தண்ணீர் பாலாய் வெளுத்திருக்கும். அந்த வெள்ளைதான் நோயாம். பிறகு அது அடியிலிருந்து மெல்லத் தெளிந்து, மேலேறி, மறைந்துபோகும். நோய் ஆகாயத்துக்குப் போய்விட்டது. ஆகாயம் பாவம், யாரிடம் போய் முறையிடும்?

எங்கள் தெருவில் அக்கா, தங்கை என்று இருவர்; சர்க்கரை நோய்க்கார அக்காவும் ஒருநாள் போய்வந்தாள். வந்ததும் இன்சுலின் ஊசி போடுவதை நிறுத்தினாள். காலில் புண் ஆறவில்லை. நாக்கு வறண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். "உள்ளே இருந்த சர்க்கரை கரையுதுடி, அதான் தாகம்" என்று விளக்கம் வேறு.

தங்கை வாதாடிப் பார்த்தாள், பலிக்கவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலையே தண்ணீரில் குமிழி விடுவது. ஓடும் நீரின் சுழிப்பு கண்ணுக்குத் தெரியாது. பொடிப்பொடியான காற்றுக்குமிழிகளைக் கலந்தால் அவை நீரோடு ஓடி வழியைக் காட்டிக்கொடுக்கும். நுண்துளைக் கல் வழியே காற்றை ஊதிப் பார்த்தார்கள். குமிழிகள் பருத்துக் குபுகுபுவென்று மேலே ஓடிவிட்டன. கடைசியில் கைகொடுத்தது அழுத்தம். மூடிய தொட்டியில் காற்றை அழுத்தி நீரில் கரைத்து, ஊசித்துளை வழியே சட்டென்று வெளியே விட்டால் தண்ணீர் பாலாகிவிடும். பிறகு தெளியும், அடியிலிருந்து.

அக்கா ஞானியின் மகிமையை விவரித்தபோது அந்த 'அடியிலிருந்து' தங்கையின் மனத்தில் தைத்தது. சுண்ணாம்பாக இருந்தால் அடியில் படியும், மேலிருந்துதான் தெளியும். இப்படி மேலேறிப் போவது காற்று.

"எனக்கும் பார்க்கணும்க்கா, கூட்டிட்டுப் போ" என்றாள்.

"இப்பவாவது புத்தி வந்துதே" என்று அக்கா பூரித்தாள்.

போகிற வழியில் தங்கை ஒரு துணிக்கடையில் நுழைந்து, கேட்டு வாங்கிய ஒரு சாமானைத் தன் நீளக் கோட்டின் கைக்குள் செருகிக்கொண்டாள்.

மேடையில் அவள் முறை வந்தது. துணிக்குள் கையை விட்டாள். ஞானி கண்ணை மூடினார். விரிப்புக்கு அடியில் அவர் கால் எதையோ அழுத்த, திரைக்குப் பின்னால் மெலிதாக ஒரு உறுமல். கூட்டத்துக்கு அது மந்திரத்தின் அதிர்வு.

"ஈரல் கெட்டுப்போச்சு" என்று அறிவித்தார் ஞானி. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா ஆளே இல்ல." துணியை உருவினார்.

தண்ணீர் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஜாடியின்மேல் ரோஜா நிறத்தில் ஒரு கை சாய்ந்திருந்தது. துணிக்கடைப் பொம்மையின் பிளாஸ்டிக் கை. தங்கையின் இரண்டு கைகளும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஞானி, அந்தப் பொம்மை பிழைச்சுக்குமா?"

சிரிப்பு அடங்குமுன் தங்கை திரையை விலக்கினாள். ஒரு இரும்புத் தொட்டி, காற்றை அழுத்தும் மோட்டார், ஜாடியின் அடிக்கு ஓடும் மெல்லிய குழாய். மோட்டாரை நிறுத்தித் தொட்டியின் அடைப்பைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று போய்த் தீர்ந்தது.

"இப்ப செய்யுங்க" என்றாள்.

ஞானி ஜாடியைத் துணியால் மூடினார், முணுமுணுத்தார், வியர்த்தார். விரிப்பை மிதிமிதியென்று மிதித்தார். துணியை உருவியபோது தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நம்பிக்கையில்லாதவள் நின்றதால் சக்தி விலகிவிட்டது என்றார். சக்தி விலகியதை எல்லோரும் கேட்டோமே, உஸ்ஸென்று.

அத்தோடு தீர்ந்ததா? "நேத்து வாங்கிட்டுப் போன பாட்டில் தண்ணி வேலை செய்யுமா?" என்று பின்வரிசையில் ஒருவர் சந்தேகம் கேட்டார்.

அக்காவும் தங்கையும் வீடு திரும்பினார்கள். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிய பிறகு, புண்ணைப் பார்த்தபடி அக்கா கேட்டாள்: "ஊசியை எங்கேடி வச்சிருக்கே?"

ஜாடித் தண்ணீர் தானாகவே தெளிந்துவிடும்; அதிலிருந்தது வெறும் காற்று. மண்டைக்குள் அழுத்தி அடைத்த காற்று அப்படித் தானாகப் போகாது. அடைப்பை நீங்களேதான் திருக வேண்டும். உங்கள் கை பொம்மைக் கை இல்லையே?